அம்மாவின் பாஸ்போர்ட்

ஜூன் 9, திங்கள்

இலங்கை ஹட்டனிலிருந்து பெரியம்மா வாட்ஸ்அப்பில் பேசினார். முழங்கால் வலி, இனி இந்தியா வர முடியாது என்கிறார். போனை வைத்ததும் அம்மா, “ஏட்டி, ஒருதரம் அக்காவக் கண்ணால பாத்திரணும்” என்றாள்.

இலங்கை விசா பெரிய வேலையில்லை. இ.டி.ஏ. என்ற அனுமதியை வீட்டிலிருந்தே இணையத்தில் வாங்கலாம். 30 நாள் தங்கலாம். சொந்தக்காரர்களைப் பார்க்கவும் அதுவே போதும். ஆனால் ஆறு மாதமாவது செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வேண்டும். அம்மாவிடம் பாஸ்போர்ட்டே கிடையாது.

ஜூன் 12, வியாழன்

அம்மா பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். அதில் எங்கள் வீடும் பிரிந்தது. கல்யாணமாகியிருந்த பெரியம்மா அங்கேயே தங்கிவிட்டார். தாத்தா 1972-ல் அம்மாவோடு தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இங்கே திருநெல்வேலிப் பக்கம் வந்தார்.

பிறந்த ஊர் வெளிநாடு என்றால், இந்தியக் குடியுரிமைக்குச் சான்று கேட்பார்கள். டிரங்குப் பெட்டியில் தேடினோம். கண்டியில் தாத்தாவுக்குக் கொடுத்த இந்திய பாஸ்போர்ட் அப்படியே இருக்கிறது! உள்ளே அம்மாவின் பெயரும் இருக்கிறது. அதோடு முகாமில் தந்த குடும்ப அட்டையும் கிடைத்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இப்படிப்பட்ட தாள்களை எடைக்குப் போட்ட வீடுகள் எனக்குத் தெரியும். தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே பெட்டியைத் திறந்து பாருங்கள்.

ஜூன் 20, வெள்ளி

அம்மாவின் பெயர் பழைய பாஸ்போர்ட்டில் இசக்கியம்மாள், ஆதாரில் எசக்கியம்மாள். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு. வாக்காளர் அட்டை சரியாக இருந்ததால் அதைக் காட்டி ஆதாரைத் திருத்தக் கொடுத்தோம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம்; எழுத்தை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே கைரேகை வையுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் கூடாது, விரித்து எழுத வேண்டும்.

ஜூலை 15, செவ்வாய்

தேரோட்டம் முடிந்து டவுன் ஓய்ந்திருக்கிறது. திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குப் போய் வந்தோம். கட்டணம் 1,500 ரூபாய்; 60 வயது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் குறைவு என்பதால் 1,350. கவுன்டரில் இருந்த அம்மையார் தாத்தாவின் பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். “இதப் பத்திரமா வச்சிருந்தீங்களே, நல்லதாப் போச்சு” என்றார். அடுத்தது போலீஸ் விசாரணை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஸ்பீட் போஸ்ட்டில் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அடுத்து இ.டி.ஏ. இலங்கை விசா நடைமுறை 2024-ல் ஒரு குலுக்குக் குலுங்கியது: தனியாரிடம் போனது, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுத்தது, பழைய முறை திரும்பியது. ஆகவே பழைய யூடியூப் வீடியோவை நம்பக் கூடாது. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்களும் உண்டு, முகவரி ‘கவ்.எல்கே’ (gov.lk) என்று முடிகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

தூத்துக்குடியிலிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. மதுரை - கொழும்புதான். போக வரச் சேர்த்தே டிக்கெட் எடுக்கிறேன், திரும்பும் டிக்கெட்டை அங்கே கேட்பார்கள். இலங்கை முகவரி என்ற கட்டத்துக்கு வந்ததும் தோட்டம், டிவிஷன், லயத்து எண் என்று அம்மா தடங்கலில்லாமல் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்.