மார்கழியில் கால்களுக்கு ஒரு சிகிச்சை

2024 டிசம்பர் 9

திருமணப் பலகாரம் செய்து கொடுக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு தணிந்திருப்பது மார்கழியில் மட்டும்தான். காலில் படர்ந்த நுண்ணிய இரத்தக்குழாய்களை ஊசிமருந்தால் மறையச் செய்யும் சிகிச்சையை நெடுநாளாகத் தள்ளிப்போட்டு வந்தேன்; அதை அந்த இடைவெளியில் செய்துகொள்வதென்று முடிவு செய்துவிட்டேன். முழங்காலுக்குப் பின்னும் கணுக்காலின் உட்புறத்திலும் சிலந்தி வலையாகப் படர்ந்திருக்கும் சிவப்பு, நீல இழைகள் பார்வைக்கு மட்டுமே உறுத்தலாக இருந்தால் விட்டிருப்பேன். அந்தி சாய்ந்ததும் அந்த இடங்களில் எரிச்சலும் கெண்டைக்காலில் பாரமும் சேர்ந்துகொள்கின்றன.

"அம்பது வயசுக்கு மேல காலப் பாத்து யாரு என்ன சொல்லப் போறா?" என்கிறார் ஆத்தா. அவர் காலத்தில் இதற்கு வைத்தியம் என்று ஒன்று இருந்ததே தெரியாது. அதனால் அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் விடியுமுன் எழுந்து தேன்குழலும் மணகோலமும் பிழிந்து நிற்கிற பெண்களின் கால்வலியை அழகு சார்ந்த ஆசையாகச் சுருக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்று காரைக்குடியில், இரத்த ஓட்டத்தை ஒலியலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். நிற்க வைத்து, கெண்டைக்காலைக் கையால் அழுத்திவிட்டு விடுகிறார்கள். மேலே ஏறிய இரத்தம் கீழே திரும்பி வருகிறதா என்று கருவி பார்க்கிறது. தோலுக்கு அடியில் தொடைவரை செல்லும் பெரிய இரத்தக்குழாயில் அரை விநாடிக்கு மேல் பின்னோட்டம் இருந்தால் அங்கே இரத்தத்தைக் கீழே திரும்பவிடாமல் தடுக்கும் வால்வு பழுதாகியிருக்கிறது என்று பொருள். அப்படி இருந்தால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். இல்லையேல் மேலே தெரியும் இழைகள் ஊசிக்குப் பின்னும் திரும்ப வந்துவிடும். எனக்குப் பின்னோட்டம் இல்லை. இந்தச் சோதனை செய்யாமல் நேரே ஊசி போடுகிறோம் என்று எவராவது சொன்னால் அந்த இடத்துக்குப் போக வேண்டாம் என்றே என் உறவுப் பெண்களுக்குச் சொல்வேன்.

2024 டிசம்பர் 14

கால் அளவெடுத்து வாங்கிய அழுத்தக் காலுறை வந்துவிட்டது. 20 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தரும் வகை. கணுக்காலில் இறுக்கம் மிகுதி, மேலே போகப் போகக் குறைவு. போட்டுப் பழகுவதற்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. உள்பக்கத்தை வெளியே புரட்டிக் குதிகால்வரை கையை விட்டுப் பிடித்து, பாதத்தை நுழைத்து, குதிகால் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்த பிறகே மேலே ஏற்ற வேண்டும்; முனையைப் பிடித்து இழுத்தால் நடுவில் சுருண்டு, அந்த மடிப்பே காலை இறுக்கிவிடும். மாவு பிசைந்து சொரசொரப்பாகிப்போன என் விரல்களில் நூல் மாட்டுவதால் மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை அணிந்துகொண்டேன். படுக்கையை விட்டு இறங்குமுன், வீக்கம் சேருவதற்கு முன்பே, அணிந்துவிட வேண்டுமாம்.

மற்ற ஆயத்தங்கள் எளியவை. உட்கொள்ளும் மாத்திரைகள், ஒவ்வாமை, ஒற்றைத் தலைவலி, குடும்பத்தில் யாருக்காவது கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்ததுண்டா என்ற விவரம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டேன். சிகிச்சையன்று காலில் எண்ணெயோ களிம்போ தடவக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி போடுவதில்லை என்பதால், என்னுடன் வேலை செய்யும் இளம்பெண் ஒருத்தி கேட்டபோது பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சிலருக்கு அப்போது தானாகவே மங்கிவிடும் என்று சொல்லி அனுப்பினேன்.

2024 டிசம்பர் 18

மதுரையில் வலக்காலுக்குச் சிகிச்சை முடிந்தது.

செலுத்தியது பாலிடோகனால் என்னும் மருந்து. அது குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கிச் சுவர்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கிறது. ஒட்டிய குழாயை உடல் மெல்லக் கரைத்துக்கொள்கிறது. ஊசி மயிரிழை போன்றது. பச்சை நீலமாகத் தெரிந்த சற்றே பெரிய குழாய்களில் முதலில் செலுத்திவிட்டு அவற்றிலிருந்து கிளைக்கும் சிவப்பு இழைகளுக்குப் பிறகு வந்தார்கள். மருந்து போகும்போது ஓர் இழை என் கண்ணெதிரிலேயே நிறம் வெளுத்து மறைந்தது. சில நிமிடங்களில் அதே இடம் சிவந்து தடித்தது. வலி எறும்புக் கடி அளவுதான். கணுக்கால் அருகில் மட்டும் சுரீரென்று இழுத்தது.

காலுறை அணிவித்தவுடன், "அம்மா, உக்காராதீங்க, அரை மணி நேரம் நடந்துட்டு அப்புறம் கார்ல ஏறுங்க" என்றார் மருத்துவர். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலின் இரத்தம் மேலே தள்ளப்படுகிறது, மருந்தும் ஓரிடத்தில் தேங்காது. ஆகவே திரும்பும் வழியில் மேலூரிலும் திருப்பத்தூரிலும் இறங்கி நடந்தேன். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தாலோ, பார்வை மங்கினாலோ சற்றும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொன்னதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

2024 டிசம்பர் 19

இரவு முழுவதும் காலுறையுடன் படுத்தேன். நமைச்சல் உண்டு, வலி இல்லை.

2024 டிசம்பர் 27

ஊசி பட்ட இடத்துக் கன்றிய காயங்கள் கருநீலத்திலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. கால் முன்பிருந்ததைவிட அசிங்கமாகத் தெரிகிறது. இது இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் கலங்கவில்லை, ஆனால் பார்க்க வருகிறவர்கள் கலங்குகிறார்கள். படுத்து ஓய்வெடு என்று வற்புறுத்தும் ஆத்தாவிடம், நடப்பதே மருந்து என்பதைப் புரியவைப்பதற்குத்தான் பெரும்பாடு. காலையும் மாலையும் வீட்டின் உள்முற்றமான வளவைச் சுற்றி, அதன் தாழ்வாரமான பத்தியிலேயே நடக்கிறேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி காலுறையைத் தாண்டிப் பாதத்தில் இதமாக இறங்குகிறது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும் கொதிக்கும் வெந்நீரும் இப்போதைக்கு இல்லை, ஏனெனில் சூடு குழாய்களை விரித்துவிடும். அடுப்படிப் பக்கமும் அதே காரணத்தால் போகவில்லை. வெயில் பட்டால் காயத்தின் கறை தங்கிவிடும் என்பதால் முற்றத்து வெயிலையும் தவிர்க்கிறேன்.

2025 ஜனவரி 10

பிள்ளையார் நோன்பெல்லாம் முடிந்து மறுபரிசோதனைக்குப் போய்வந்தேன். முழங்காலுக்குப் பின்னே தொட்டால் நோகும் கறுத்த கட்டி ஒன்று இருந்தது. ஒட்டிக்கொண்ட குழாய்க்குள் சிக்கிய பழைய இரத்தம் அது. நுண்ணிய ஊசியால் ஒரு குத்து குத்தி, இரு விரலால் அழுத்தியதும் நாவற்பழச் சாற்றின் நிறத்தில் திரண்டு வெளியே வந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் இரத்தத்திலுள்ள இரும்பு தோலில் பழுப்புக் கோடாகப் படிந்திருக்குமாம். கணுக்காலருகே அப்படி ஒரு கோடு ஏற்கெனவே விழுந்திருக்கிறது. பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும், சிலருக்கு ஓராண்டும் ஆகும் என்றார்கள்.

2025 ஜனவரி 29

தை பிறந்ததும் அடுப்பு மூண்டுவிட்டது. சீர்வரிசைக்கான அதிரசமும் சீப்புச்சீடையும் வரிசையாகக் காத்திருக்கின்றன. இந்த முறை அடுப்படியில் உயரமான முக்காலிகள் வாங்கிப் போட்டிருக்கிறேன். பிழிகிறவரும் பொரிக்கிறவரும் மணிக்கொருமுறை இடம் மாறுவதென்றும் வைத்திருக்கிறேன். எனக்காக மட்டும் செய்த ஏற்பாடல்ல. என்னுடன் நிற்கும் பெண்கள் அனைவரின் காலிலும் அந்த இழைகள் தொடங்கியிருப்பதை இப்போதுதான் கூர்ந்து பார்க்கிறேன். நீண்ட நேரம் அசையாமல் நிற்பதைக் குறைத்தால் பாரமும் வலியும் குறையும் என்பது உறுதி.

2025 பிப்ரவரி 20

முழங்காலுக்குப் பின்னிருந்த சிவப்பு இழைகளில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. பழுப்புக் கோடு இன்னும் இருக்கிறது, நிறம் மட்டும் வெளிறியிருக்கிறது. மாலை எரிச்சல் வலக்காலில் இல்லை, இடக்காலில் அப்படியே இருக்கிறது. ஒட்டி மறைந்த குழாய்கள் பொதுவாகத் திரும்புவதில்லை என்றாலும் புதிய இழைகள் வேறிடத்தில் தோன்றலாம் என்பதை மருத்துவர் மறைக்காமல் சொன்னார். சித்திரை வெயிலில் காலுறை அணிந்து தாங்க முடியாது என்பதால் இடக்காலுக்கு அடுத்த மார்கழிக்கு நாள் கேட்டிருக்கிறேன். ஆத்தாவின் காலுக்கு ஸ்கேன் மட்டும் இந்த மாதமே எடுக்கிறோம்.