கையெழுத்துப் போட்ட பிறகு

ஜூன் 8, 2025, ஞாயிறு

திருச்சி ஷோரூமில் காருக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. முன்பணம் போக மீதி வங்கிக் கடன். "ஃப்ரெஷ் ஸ்டாக் சார்" என்று சேல்ஸ் பையன் வாய் ஓயாமல் சொன்னான். வெள்ளிக்கிழமை டெலிவரிக்கு அம்மா நல்ல நேரமும் குறித்துவிட்டார்.

ஜூன் 10, செவ்வாய்

வண்டியைப் பார்க்க மச்சானையும் யார்டுக்குக் கூட்டிப்போனேன். டாக்ஸி ஓட்டுகிறவர். பெயின்ட் பக்கமே திரும்பாமல் டயர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் 0624. "2024-ல ஆறாவது வாரம் செஞ்ச டயர் மாப்ள. வண்டி மட்டும் எப்படிப் புதுசு?" மற்ற மூன்றும் அப்படியே. டயரை மட்டும் நம்ப வேண்டாம் என்று படிவம் 21-ஐக் கேட்டோம். விற்பனைச் சான்றிதழ் அதுதான். தயாரிப்பு மாதம், வருடம் என்ற இடத்தில்: மார்ச் 2024.

ஜூன் 11, புதன்

மேனேஜர், "மாடல் அதேதான் சார், 25,000 குறைச்சுக்கலாம்" என்றார். பதினைந்து மாதம் வெயிலில் நின்ற வண்டிக்கு 25,000! வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். கையெழுத்துப் போட்ட தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த 'ரத்து கிடையாது' என்ற வரியைக் காட்டினார்.

மனசு மாறினால் வண்டியைத் திருப்பலாம் என்று நம் நாட்டில் பொதுச்சட்டம் எதுவும் இல்லை. ஆனால் இங்கே மனசு மாறவில்லையே. பழைய சரக்கைப் புதிது என்று விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை.

இரவோடு இரவாக ஷோரூமுக்கு மின்னஞ்சல்: பதிவுக்கு அனுப்பக் கூடாது. வங்கிக்கும் ஒன்று: கடன் தொகையை விடுவிக்க வேண்டாம். ஆர்டிஓவில் நம்பர் விழுந்துவிட்டால் வண்டி என் பெயருக்கு வந்துவிடும். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் விலை என்றால் 13 சதவீத ஆயுள் வரியும் கட்டியாகிவிடும். அதற்குப் பிறகு திருப்புவது பெரும்பாடு.

ஜூன் 12, வியாழன்

காலையில் அதையே கடிதமாக ஷோரூமில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். முத்திரை குத்த ஆளைப் பிடிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது! மதியம் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிந்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசினார்கள்.

ஜூன் 13, வெள்ளி

மேனேஜரே அழைத்தார். புகார் எண் போய்ச் சேர்ந்துவிட்டது போல. வேறு வண்டி தருகிறாராம், இந்த வருடத் தயாரிப்பு. வேண்டாம், பணமே போதும் என்றேன். அம்மாவுக்குத்தான் நல்ல நேரம் வீணாகிவிட்டதே என்று வருத்தம்.

ஜூன் 20, வெள்ளி

முன்பணம் முழுசாகக் கணக்குக்கு வந்தது. இன்சூரன்ஸ் பாலிசியும் ரத்து. பிரீமியம் தனியாக வருமாம். வங்கியின் பிராசஸிங் கட்டணம் மட்டும் திரும்பாது. அடுத்த ஷோரூமுக்கு மச்சான் சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார். முதலில் படிவம் 21, அப்புறம்தான் பேனா என்று கறாராகச் சொல்லிவிட்டார்.