ஏழு தையல் பாக்கி

நாலு மாதம் ஆகிறது. இன்னும் அந்தப் பேச்சு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தோல் வேலை சொல்லித்தருகிறேன். சாவிக்கொத்து, சின்னப் பர்ஸ், அவ்வளவுதான். ஆம்பூரில் தோலுக்கா பஞ்சம் என்பார்கள், ஆனால் இங்கே ஷூவுக்குப் போவது பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்ட தோல், அதில் அச்சு நிற்காது. ஈரம் தடவி, அச்சை வைத்துத் தட்டினால் பூ அப்படியே பதிய வேண்டுமென்றால் பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் வேண்டும். சென்னை பெரியமேட்டில் நானே தடவிப் பார்த்து வாங்கி வருவேன்.

அந்தப் பையனுக்குப் பதினொரு வயது. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் வாங்கித் தைக்க வேண்டும், ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிரியாது. மற்ற பிள்ளைகளுக்கு இதைக் காட்ட மூன்று வாரம் ஆனது. அவன் ஒரு தடவை பார்த்தான். நூலைத் தேன்மெழுகில் இழுத்தான், தைத்தான். எல்லாத் தையலும் ஒரே சாய்வு. சந்தோஷத்தில், "உன் ரத்தத்திலேயே ஊறியிருக்குடா இது" என்றேன்.

மறுவாரம் அவன் அப்பா வந்தார். தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்பு வேலை. முடி உதிர்வதற்காகச் சுண்ணாம்பிலும் சல்ஃபைடிலும் ஊறிய தோலைப் புரட்டிப் புரட்டி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த நாத்தம் என்னோட போவட்டும்னுதான் அவனைப் படிக்க வைக்கிறேன். ரத்தத்துல இருக்குன்னு சொன்னீங்களாமே?"

"இது தொழில் இல்லைங்க, கலை" என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். "சரி சார்" என்று போய்விட்டார்.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் பையன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று தெரியும். அந்தத் தெருக்காரர்களை ஊர் என்ன சொல்லிக் கூப்பிடும் என்பதும் தெரியும். என் வீட்டில் யாரும் தோலைத் தொட்டதில்லை, நான் காலேஜில் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டேன், அதற்காக என்னை யாரும் வாசலில் நிறுத்திவைத்ததில்லை. நான் செய்தால் கலை. அவர் செய்தால்? அதே நேரம், யாரோ சுமத்திய இழிவுக்காக அப்படி ஒரு கையை நிறுத்துவது மட்டும் நியாயமா என்றும் தோன்றுகிறது. இந்தக் கேள்வி எனக்கு வசதியாக இருப்பதால் தோன்றுகிறதோ என்னவோ.

அடுத்த ஞாயிறு பையன் வந்தான். "இந்த பேட்ச் ஃபுல்லுப்பா, டிராயிங் கிளாஸுக்குப் போ" என்றேன். எனக்குப் பின்னால் இரண்டு நாற்காலி காலி. அவன் அதைப் பார்த்தான். "சரிண்ணா."

அப்பா சொன்னதற்கு மரியாதை கொடுத்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஆனால் அவர் பையனை நிறுத்தச் சொல்லவே இல்லை. வாய் தவறிவிட்டது, மன்னிச்சிடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை உட்கார்ந்து பேசியிருப்பார். அதற்கு முகமில்லாமல் பிள்ளையிடம் பொய் சொன்னேன்.

அவன் பர்ஸ் என் பெட்டியில் இருக்கிறது. ஏழு தையல் பாக்கி. முடித்துக் கொடுத்துவிடலாம் என்று போன வாரம் ஊசியை எடுத்தேன். என் சாய்வு வேறு, அவனுக்கு உடனே தெரிந்துவிடும். அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.