நைரோபி – ஜோகனஸ்பர்க்: 4 மணி நேரப் பயணம், எனக்கு 5 நாள் தாமதம்

இன்னும் மனசு ஆறவில்லை. ஜோகனஸ்பர்க்கில் அண்ணன் புதுவீட்டில் ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சினார்கள். வெள்ளிக்கிழமையே பெட்டியோடு நைரோபி விமான நிலையத்துக்குப் போய் நின்ற நான் புதன்கிழமைதான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

தூரம் நேர்க்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர், நேரடி விமானத்தில் 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். விசா சிக்கலில்லாமல் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டது மஞ்சள் அட்டையில்தான். கென்யாவில் மஞ்சள் காய்ச்சல் இருப்பதால், இங்கிருந்து போகிறவர்களிடம் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். இது எனக்கும் தெரியும். கென்யாவுக்கு வருவதற்கு முன்பே ஊசி போட்டிருந்தேன், ஆனால் அந்த அட்டை வீடு மாறும்போது எங்கேயோ தொலைந்துவிட்டது. சரி, இன்னொரு தடவை போட்டுக்கொள்வோம் என்று முந்தின சனிக்கிழமை ஒரு கிளினிக்குக்குப் போனேன். காசு வாங்கினார்கள், ஊசி போட்டார்கள், முத்திரை குத்தினார்கள். எப்போது பயணம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் அட்டையைப் பிரித்து, தேதி எழுதியிருந்த கட்டத்தில் பேனா முனையை வைத்துக்கொண்டு இன்னொரு கையில் விரல் விட்டு எண்ணினார். ஆறில் நின்றுவிட்டார். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லுமாம். இது எனக்கு முதல் ஊசி இல்லை, ஏற்கெனவே போட்டிருக்கிறேன் என்று மன்றாடினேன். "பழைய அட்டை இருக்கிறதா?" என்றார். அதோடு என் வாய் அடைத்துவிட்டது. அது கையில் இருந்திருந்தால் பத்து நாள் கணக்கே வந்திருக்காது, பழைய சான்றிதழே போதும். 2016 ஜூலையிலிருந்து இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், முன்பு போட்டவர்களுக்கும் சேர்த்துத்தான். நான் அதைப் பத்து வருடக் கணக்கு என்று நினைத்து அலட்சியமாக இருந்துவிட்டேன்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. என்னை ஏற்றி அனுப்பியிருந்தால் அங்கே இறங்கியதும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். வாய் திறக்காத கிளினிக் மேல்தான் ஆத்திரம். டிக்கெட் தேதியை மாற்ற அபராதம் வேறு கட்டினேன். பால் பொங்கியதை போனில்தான் பார்த்தேன்.

போகிறவர்கள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள். போட்டோவை நம்பாதீர்கள், அசல் வேண்டும். டிக்கெட்டில் நேரம் பார்க்கும்போதும் கவனம்: ஜோகனஸ்பர்க் நைரோபியைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதனால் போகும்போது மூன்றேகால் மணி நேரம் போலத் தெரியும், திரும்பும்போது ஐந்தேகால் போலத் தெரியும். அதை வைத்து இறங்கிய உடனே அடுத்த வேலை என்று திட்டம் போடாதீர்கள்.

புதன்கிழமை எல்லாம் மளமளவென்று நடந்தது. இடது பக்க ஜன்னலோர இருக்கை கிடைத்தது, கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கிளிமஞ்சாரோ மேகத்துக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்றது, உச்சியில் பனி. ஜோகனஸ்பர்க்கில் இறங்கியதும் அட்டையைத்தான் முதலில் கேட்டார்கள். பதினோராவது நாள். விரித்துக் காட்டினேன், அரை நிமிடத்தில் போகச் சொல்லிவிட்டார்கள்.

வாசலில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் வரும்வரை கழற்றக் கூடாது என்று அண்ணன் சொல்லி வைத்திருந்தாராம்.