கிடைக்காதா, முடியாதா?

“கிடைக்காதாண்ணே, இல்ல முடியாதா?” என்றுதான், பொம்மை ரயில் எஞ்சினை ரிப்பேருக்குக் கொண்டு வந்த பையன் கேட்டான். “ரெண்டும் ஒண்ணுதான் தம்பி” என்று பதில் சொன்னேன்.

ரெண்டும் ஒன்று கிடையாது. மெயின் ஸ்பிரிங், அதாவது சாவி கொடுத்தால் முறுகுகிற சுருள்வில், புதிதாகக் கிடைக்காது என்பது ஒரு பேச்சு. அறுந்த ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்ட முடியாது என்பது வேறு பேச்சு. சுவர்க்கடிகாரத்தைத் திறந்து பார்த்த எவனுக்கும் இது தெரியும். பதினாறு வயதுப் பையனுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் பிரித்துப் பிரித்துக் கேட்டான். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முப்பது நாற்பது திருப்புளிகளைப் பரப்பி வைத்திருக்கிற ஆள்தான் இரண்டையும் சேர்த்துக் குழப்பி அனுப்பினேன்.

அன்று காலையில் அவனுடைய அப்பா தனியாக வந்திருந்தார். வண்டியை அணைக்காமலே வாசலில் நின்றபடி பேசினார். “அண்ணே, சாயங்காலம் எங்க பய ஒரு ரயில் எஞ்சினத் தூக்கிட்டு வருவான். ரிப்பேர் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லி விட்ருங்க. பதினாறு வயசு முடிஞ்சிருச்சு, வர்ற வருசம் நீட்டு. இன்னும் வளவுல தண்டவாளத்தைப் போட்டுக்கிட்டு தரையில படுத்துக் கெடக்கான். நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறான், நீங்க சொன்னா விட்ருவான். உங்க கூலி என்னவோ அதை நான் குடுத்துர்றேன்.”

வேலை செய்யாமல் இருப்பதற்குக் கூலி. அதை வாங்கவில்லை. வாங்கவில்லை என்று இங்கே எழுதும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது, அது சரியில்லை. காசு வாங்காமல் சொன்னால் மட்டும் அது வேறு ஏதாவது ஆகிவிடுமா?

பையன் கொண்டு வந்தது ஹார்ன்பி எஞ்சின். ஓ கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே 32 மில்லிமீட்டர். உடம்பு தகரம், சாவி கொடுத்தால் ஓடும். லிவர்பூலில் இருந்த மெக்கானோ கம்பெனி 1920-இல் இந்தச் சாவி ரயில்களைப் போடத் தொடங்கியது. அவனுடைய ஐயா, அதாவது தாத்தா, பினாங்கிலிருந்து வரும்போது கொண்டு வந்ததாம். மச்சில் இரும்புப் பெட்டியில், பீங்கான் தட்டுகளுக்கு நடுவே வைக்கோல் சுற்றி இருந்திருக்கிறது.

சாவியைத் திருகினால் டிக் டிக் என்று கிளிக் சத்தம் கேட்கிறது, ஆனால் கைக்கு இறுக்கமே இல்லை, சாவி சும்மா சுற்றிக்கொண்டே போகிறது. இதற்குப் பொருள் பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்பிரிங்கின் உள்முனை நடுத்தண்டின் கொக்கியை விட்டுவிட்டது. கழன்றிருக்கலாம், அறுந்திருக்கலாம். இறுகிய பிறகு கையை விட்டவுடன் சாவி விர்ரென்று பின்னால் சுழன்றால் அப்போது குற்றம் கிளிக்கில், அதாவது பின்னால் சுழலாமல் தடுக்கிற பல்லில், ஸ்பிரிங்கில் இல்லை. பையன் இதையெல்லாம் தானே சோதித்து, “உள்முனைதாண்ணே போயிருக்கு, கிளிக்கு நல்லாருக்கு” என்று சொல்லித்தான் மேசையில் வைத்தான். கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தான். ஸ்பிரிங், கொக்கியில் மாட்டும் கண்ணோட்டையிலேயே குறுக்காக அறுந்திருந்தது. பழைய ஸ்பிரிங்குகள் பெரும்பாலும் அங்கேதான் அறும். வளைவும் மிக இறுக்கம், ஓட்டையும் அங்கே, போதாததற்குத் துரு.

இரண்டு மணி நேர வேலை. எப்படிச் செய்வது என்பதை முழுவதும் எழுதிவிடுகிறேன். அன்று வாயைத் திறந்து சொல்லாமல் விட்டது இதைத்தான்.

முதலில் மேல்தகரத்தைக் கழற்ற வேண்டும். இந்த எஞ்சினில் திருகாணி, தொல்லையில்லை. மற்ற தகரப் பொம்மைகளில் நாக்கை மடித்து வைத்திருப்பார்கள். ஒரு தடவை நிமிர்த்தலாம், இரண்டாம் தடவையும் தாங்கலாம், மூன்றாம் தடவை கையோடு வரும். அடுத்து, இரண்டு பக்கத் தட்டுகளையும் பிரிப்பதற்கு முன்னால் ஸ்பிரிங்கைக் கட்டுக்கம்பியால் சுற்றி முறுக்கிக் கட்ட வேண்டும். சில கடிகாரங்களில் டப்பாவுக்குள் இருக்கிற மாதிரி இதில் ஸ்பிரிங் அடைபட்டில்லை, திறந்தே கிடக்கிறது. உள்முனை அறுந்துவிட்டதால் சக்தி போய்விட்டது என்று நினைப்பது பெரிய தப்பு. தட்டு பிரிந்ததும் அது மிச்சமிருக்கிற விறைப்போடு விரியும், விளிம்பு சவரப் பிளேடு மாதிரி அறுக்கும்.

எடுத்த ஸ்பிரிங்கின் பிய்ந்த நுனியை வெட்டிவிட்டு, கடைசி இரண்டு சென்டிமீட்டரை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காய்ச்ச வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள பகுதியில் ஈரத்துணி சுற்றி, குறட்டால் பிடித்துக்கொள்ள வேண்டும். சூடு ஊர்ந்து போனால் அந்த வளையமெல்லாம் பதம் கெட்டு, முறுக்கினால் முறுக்கின இடத்திலேயே நின்றுவிடும், திரும்பாது. காய்ச்சியதைத் தண்ணீரில் முக்கக் கூடாது, தானாக ஆற விட வேண்டும். முக்கினால் பழையபடி கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஆறிய பிறகு ஓட்டை போடலாம். காய்ச்சாமல் டிரில் வைத்தால் முறிவது ஸ்பிரிங் இல்லை, டிரில் பிட். ஓட்டையின் விளிம்பை ஊசி அரத்தால் உருட்டிவிட வேண்டும். ஒரு பிசிறு இருந்தாலும் அடுத்த விரிசல் அங்கிருந்துதான் ஓடும். பிறகு நுனியைத் தண்டின் வளைவுக்கு ஏற்பச் சுருட்டி மாட்ட வேண்டும். நீளத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் குறையும். ஓட்டத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

எண்ணெய் பற்றியும் ஒன்று. நம் பக்கத்து வீடுகளில் சுற்றுகிற எதற்கும் தேங்காய் எண்ணெய் விடுகிற வழக்கம் இருக்கிறது. இதற்கும் விட்டிருந்தார்கள். மார்கழி விடியலில் உறையும், நாள்பட்டால் பிசினாகும், புழுதியைப் பிடித்து அரம் மாதிரி பல்லைத் தேய்க்கும். வெள்ளைப் பெட்ரோலில் கழுவிவிட்டு, தண்டு உட்காரும் குழிகளில் மட்டும் ஊசிமுனையால் ஒரு சொட்டு வைத்தால் போதும். ஸ்பிரிங்குக்கு கிராஃபைட் கிரீஸ். பெயிண்ட் மேல் பெட்ரோல் படக் கூடாது, சோப்புத் தண்ணீர்தான்.

இவ்வளவும் செய்தால் கூலி முந்நூற்றைம்பது ரூபாய் ஆகியிருக்கும். பாதி வேலையை அவனையே செய்ய விட்டிருந்தால் அதுவும் வேண்டியதில்லை.

“இந்த ஸ்பிரிங் இப்ப கிடைக்காது தம்பி” என்று தொடங்கினேன். இதில் பொய் இல்லை. நம் பக்கத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. வெளிநாட்டில் பழைய ஹார்ன்பிக்கென்றே உதிரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை, அதைக்கூட மன்னித்துக்கொள்ளலாம். அவன் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் அந்த வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கேட்டுவிட்டான்.

பதிலுக்குப் பிறகு அவன் உடனே போய்விடவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தான். 32 மில்லிமீட்டரை மீட்டர் கேஜாக, அதாவது ஒரு மீட்டர் தண்டவாள இடைவெளியாக, வைத்துக்கொண்டால் 31-க்கு ஒன்று என்ற அளவு வரும், காரைக்குடிக்கு முன்பு வந்துபோன பழைய மீட்டர் கேஜ் வண்டிக்கு அது பொருந்தும், இருபது மீட்டர்ப் பெட்டி 64 சென்டிமீட்டர் நீளம் வரும், அட்டையில் செய்யப் போகிறேன் என்று பக்கம் பக்கமாகக் கணக்கு. வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில் பதித்திருக்கிற ஆத்தங்குடிக் கல்லின் பூப்போட்ட ஓரத்தையே தண்டவாளத்துக்குக் கோடாக வைத்து வரைந்திருந்தான். “எஞ்சின் ஓடினாத்தாண்ணே பெட்டி எவ்வளவு கனம் இருக்கலாம்னு பார்க்க முடியும்” என்றான். தலையாட்டினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு தடவை ஆகாது என்று சொல்லிவிட்ட மெக்கானிக், ஐந்து நிமிடத்தில் ஆகும் என்று எப்படிச் சொல்வது? அந்தக் கூச்சம், அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை விடப் பெரிதாக இருந்தது என்பதுதான் நிஜம்.

முன்சக்கரம் ஒன்று வெடித்து உப்பியிருந்தது. “இது ஏண்ணே கீழ விழாமயே உடையுது?” என்றான். அதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொன்னேன்: துத்தநாகக் கலவையை வார்க்கும்போது கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால், பல வருடம் கழித்து ஈரக்காற்றில் உலோகத்தின் மணிகளுக்கு நடுவே அரிப்பு ஓடி உள்ளிருந்தே பிளக்கும். தொடங்கிவிட்டால் மருந்தில்லை, வேறு சக்கரம்தான். கேட்டுக்கொண்டே நோட்டில் எழுதினான். காலையில் அவன் அப்பா கிளம்பும்போது சொன்ன கடைசிப் பேச்சு, “சிக்ரி மாதிரி எடத்துல உக்கார வேண்டிய மண்டைண்ணே அவனுக்கு” என்பது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இலிருந்து நடக்கிற, காரைக்குடியின் அந்த மின்வேதியியல் ஆய்வகத்தில் அரிப்பைப் பற்றியும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆனால் இப்படி வாதாடுவதிலும் ஒரு கள்ளம் இருக்கிறது. பொம்மை வழியாகப் படிப்பு வரும், அதனால் விடுங்கள் என்று சொன்னால், படிப்பு வராவிட்டால் பிடுங்கலாம் என்று ஆகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. அரம், குறடு, வெர்னியர் பிடிக்கக் கற்றுக்கொள்கிறான் என்று அவன் அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவர் இன்னும் பயந்திருப்பார். பிள்ளை பொம்மையோடு விளையாடுகிறான் என்பதை விட, இந்த மாதிரி ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவானோ என்பதுதான் அந்தக் குரலில் இருந்தது. அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. சரி, கொஞ்சம் வருத்தம்தான்.

வயது என்கிற கணக்குதான் விளங்கவில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளில் தகர மோட்டாரையும் ஜப்பான் பொம்மையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பேரம் பேசுகிறவர்களில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். அவர்களை யாரும் வயசாச்சே என்று கேட்பதில்லை. நவராத்திரிக்கு அறுபது வயது ஆச்சி சொப்புச் சாமானைப் படியில் அடுக்கினால் அது வழிபாடு. ஐந்து வயதில் வைத்திருந்தால் விளையாட்டு. நடுவில் பதிமூன்றிலிருந்து இருபது வரைக்கும் மட்டும்தான் அது குற்றம். ஐந்து வயதுக் குழந்தை சாவி கொடுக்கும், ஓடவிடும், உடைக்கும். ஏன் ஓடுகிறது என்று திறந்து பார்க்கிற வயது பதினாறுதான். அந்த வயதுக்குக் கொஞ்சம் முன்னால் கைக்கு நிதானம் வந்திருக்காது. கொஞ்சம் பின்னால் நேரம் இருக்காது.

அப்பாவின் பக்கமும் இருக்கிறது. காலையில் ஐந்தரைக்கு டியூஷன், ராத்திரி எட்டுக்கு வீடு; அதற்கு மேல் ஒன்றரை மணி நேரம் தரையில் போனால் எந்த வீட்டிலும் கேட்கத்தான் செய்வார்கள். எஞ்சின் எங்கேயும் போய்விடப் போவதில்லை. இத்தனை வருடம் பெட்டியில் இருந்தது, இன்னும் இரண்டு வருடம் இருக்கட்டும் என்று சொல்வதில் தப்பில்லை. அதை அவரே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் சொல்லத் தயங்கியதைச் சாமானின் மேல் ஏற்றிச் சொல்லச் சொன்னார். சாமானைப் பற்றி ஒரு மெக்கானிக் சொல்வதை அந்த வயதுப் பையன் அப்படியே நம்புவான் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். அந்த வீட்டு ஊசல் கடிகாரங்கள் மூன்றும் வருடா வருடம் தை பிறப்பதற்கு முன் இந்த மேசைக்கு வரும். கூலியை வேண்டாம் என்று சொன்னபோது அது நினைவில் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

அதற்கப்புறம் ஒரு முடிவு எடுத்தேன்: இனிமேல் சாமானைக் கொண்டு வந்தவரிடம் மட்டும்தான் அதைப் பற்றிப் பேசுவது. பத்து நாள்கூட ஆகவில்லை. ஓர் அம்மா வந்து, மகளின் பொம்மைவீட்டு விளக்குக்கு பேட்டரி வயர் பற்றவைத்துத் தர வேண்டாம், பத்தாவது முடியட்டும் என்றார். “சரிங்க ஆச்சி” என்றேன். இது பொய் இல்லை, தள்ளிப்போடுவது என்று அப்போது தோன்றியது.

போன வாரம் இரும்புக் கடைக்காரர் டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார். பள்ளிக்கூட யூனிஃபார்மோடு ஒரு பையன் இரண்டு மில்லிமீட்டர் டிரில் பிட் மூன்று வாங்கிப் போனானாம். மறுநாளே, மூன்றும் முறிந்துவிட்டது, மட்டச் சரக்கு என்று சண்டைக்கு வந்தானாம். நல்ல பிட்தான், எதில் ஓட்டை போட்டானோ என்று சிரித்தார்.

வேறு யாராகவும் இருக்கலாம். ஊரில் டிரில் பிட் முறிக்கிற பையன்கள் எத்தனையோ பேர். ஆனால் மூன்று பிட் முறிகிற அளவு விறைத்த எஃகு ஒரு வீட்டில் என்ன இருக்கும் என்று யோசித்தால் வேறு எதுவும் தோன்றவில்லை. அவன்தான் என்றால் தட்டைப் பிரித்துவிட்டான். கட்டுக்கம்பி போட்டுக் கட்டினானா? காய்ச்ச வேண்டும் என்று யார் சொல்லியிருப்பார்கள்? ஆகாது என்று சொன்னபோது ஆபத்து எங்கே என்பதையும் சேர்த்து மறைத்திருக்கிறேன். நேர்மையாக, “உங்க அப்பச்சி வேணாங்கறாங்க தம்பி” என்று சொல்லியிருந்தால்கூட, கூடவே “தனியாத் திறக்காதே, திறந்தா முதல்ல கட்டு” என்று ஒரு வரி வந்திருக்கும்.

பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். போன தையில் கடிகாரம் கொண்டுவந்த அன்று எழுதியது இருக்கிறது. அதில் இருப்பது அப்பாவின் நம்பர்.