கரையில் ஒதுங்கிய கடற்கண்ணி: கண்டதும் செய்ய வேண்டியது, பிறகு காப்பாற்றும் முறை

பிரிட்டன் கரைகளில் பெரிய புயல் அடித்து ஓய்ந்தால், போர்க்காலக் கடற்கண்ணிகளின் (கப்பல்களைத் தகர்க்கக் கடலில் போட்ட வெடிகுண்டுகளின்) கூடுகளும் பாகங்களும் இன்னமும் மணலுக்கு மேலே வருகின்றன. சிப்பியும் துருவும் அப்பிக் கிடப்பதால் பழைய மிதவை என்றே தோன்றும். இவற்றின் பாகங்களைப் பட்டறையில் பாதுகாக்கும் நாங்கள் முதலில் தேடுவது கொம்புகளை, அதாவது கப்பல் மோதினால் கண்ணியை வெடிக்க வைக்கும், கூட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை. அவை ஒடிந்து போயிருந்தாலும், இருந்த இடத்தில் சம இடைவெளியில் வட்டத் துளைகளோ புடைப்புகளோ எஞ்சியிருக்கும். சாதாரண மிதவையில் அது இருக்காது. பக்கத்தில் சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி கிடந்தால், அது பெரும்பாலும் கண்ணியின் நங்கூரம்.

ஈயக் கொம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் அமிலக் கரைசல். கொம்பு வளைந்தால் குப்பி உடையும்; கரைசல் மின்முனைகளுக்கு நடுவே இறங்கிய நொடியில் மின்சாரம் பிறக்கும். பேட்டரியே தேவையில்லை. அதனால் ‘80 வருஷத்தில் எல்லாம் செத்திருக்கும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. நங்கூரக் கயிறு அறுந்த கண்ணி தானாகச் செயலிழக்க வேண்டும் என்று போர் விதிகளுக்கான 1907 ஹேக் உடன்படிக்கை சொன்னது உண்மைதான். ஆனால் அதற்கான பொறி துருப்பிடித்து இறுகியிருந்தால் என்ன செய்வது?

கொம்பே இல்லாத வகையும் உண்டு. 1939 நவம்பர் 23 அன்று இங்கிலாந்தின் ஷூபரினெஸ் கரைச் சேற்றில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஓவ்ரி செயலிழக்கச் செய்த ஜெர்மன் காந்தக் கண்ணி (கப்பல் இரும்பின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிப்பது), விமானத்திலிருந்து போட்ட நீள உருளை. இந்த வகையில் பேட்டரி தீர்ந்துபோயிருக்கலாம். வெடிப்பைத் தொடங்கிவைக்கும் டெட்டனேட்டரும் வெடிமருந்தும் அப்படியே இருக்கும். கூடு உடைந்திருந்தாலும் காலி என்று நினைக்கக்கூடாது. மருந்து உள்சுவரில் கட்டியாக ஒட்டியிருக்கும், வெளியே சிதறினால் கல் மாதிரியே கிடக்கும். வெறும் கையில் எடுத்தால் நஞ்சும் கூட. கடற்கரை ஊர்களில் கண்ணிக் கூட்டுக்குச் சிவப்பு பூசி உண்டியலாக நிறுத்தியிருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கண்டால் தொடாதீர்கள், தட்டாதீர்கள், சுரண்டாதீர்கள். நின்ற இடத்திலிருந்தே ஜூம் செய்து படம் எடுங்கள். அளவு காட்ட அருகில் எதையும் வைக்க வேண்டாம். வந்த வழியே விலகி, தூரம் போன பிறகு பிரிட்டனின் அவசர எண்ணான 999 அழைத்து கோஸ்ட் கார்டை (கடலோரக் காவல் பிரிவை) கேளுங்கள். இடம், தோராய அளவு, கொம்பு உண்டா, அலை எப்போது மூடும் என்று சொல்லுங்கள். கடைசி விவரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கடற்படைக் குழு வேலை செய்ய நீர் வடிந்த நேரம் வேண்டும்.

மீன்பிடிப் படகின் வலையில் சிக்கினால், தண்ணீரிலேயே அடையாளம் தெரிந்துவிட்டால் மேலே ஏற்றக்கூடாது. தெரியாமல் தளத்துக்கு வந்துவிட்டால், வெப்பமும் அதிர்வும் இல்லாத இடத்தில் உருளாதபடி முட்டுக்கொடுத்துக் கட்டி, மூடி, ஈரமாகவே வைத்திருங்கள். வெளியே தெரியும் மருந்து காய்ந்தால் சின்ன அதிர்ச்சிக்கும் வெடிக்கும் நிலைக்கு வரலாம். துறைமுகத்துக்குள் கொண்டுபோகாமல் வெளியிலேயே நின்று கடற்படைக்காகக் காத்திருங்கள்.

வெடிபொருள் இல்லை என்று கடற்படை எழுத்தில் தந்த பாகங்கள் மட்டுமே எங்கள் பட்டறைக்குள் வரும். கண்டெடுத்தவர் 28 நாட்களுக்குள், கப்பல் சிதைவுப் பொருட்களுக்கான அரசு அதிகாரிக்குத் தெரிவித்திருக்கவும் வேண்டும்.

இரும்பைக் காயவிடாமல் 2 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைக்கிறோம்: லிட்டருக்கு 20 கிராம், காரத்தைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். உப்பு இறங்க இறங்கக் கரைசலை மாற்றி, அதில் குளோரைடு (உப்பின்) அளவு தாழ்ந்து நிலைக்கும் வரை தொடர வேண்டும். பெரிய துண்டுக்கு வருடங்கள் ஆகும். அவசரப்பட்டு எடுத்துக் காயவைத்தால், உள்ளே தங்கிய உப்பு இரும்பை ஏடு ஏடாக உரித்துவிடும். பிறகு டானிக் அமிலம் பூசி, அதன்மேல் மெழுகு பூசுகிறோம்.

ஈயக் கொம்பையும் அலுமினியக் கூட்டையும் இந்தத் தொட்டியில் போடவே கூடாது. காரம் இரண்டையும் அரிக்கும். அலுமினியத்திலிருந்து ஹைட்ரஜனும் கிளம்பும். கொம்பைக் காட்சிக்கு வைக்க ஓக் மர அலமாரியும் வேண்டாம். அந்த மரம் விடும் அசிட்டிக் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாக உதிரும். கண்ணாடியும் பூச்சிட்ட உலோகமும் போதும்.