ராணி மாற்றம்: இரண்டாவது பெட்டியில்தான் கைகூடியது

என் தேனீப் பெட்டிகளில் இரண்டில் ராணிக்கு மூன்று வயது ஆகப்போகிறது. ராணித் தேனீ அதற்கு மேலும் உயிரோடு இருக்கும். ஆனால் முட்டையிடும் வேகம் முதல் இரண்டு வருடத்தோடு இறங்கத் தொடங்கிவிடும். அடையைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்தது: மூடிய புழு அறைகளுக்கு நடுவே அங்கங்கே காலி அறைகள், பணித்தேனீ அறைகளில் புடைத்துக்கொண்டு ஆண் தேனீ மூடிகள். இளவயதில் பறந்துபோய்ச் சேர்த்துவைத்த விந்து தீர்ந்துவருகிறது என்று அர்த்தம். கருவுறாத முட்டை ஆணாகத்தான் வளரும். நானோ, தேன் குறைந்ததற்குப் பூ இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் பெட்டியில் அவசரப்பட்டுவிட்டேன். புது ராணி கைக்கு வரும் முன்பே பழையதைக் கொன்றேன். புதியது வர ஐந்து நாள் ஆனது. ராணியின் வாசனை போனது சில மணி நேரத்திலேயே தேனீக்களுக்குத் தெரிந்துவிடும், இளம் புழுக்களை வைத்து அவசர ராணி அறைகள் கட்டத் தொடங்கிவிடும். கண்ணில் பட்ட ஆறு அறைகளை உடைத்துவிட்டு, புது ராணி இருந்த சின்ன வலைக் கூண்டை வைத்தேன். அடை கட்டிய மரச்சட்டத்தை உதறிப் பார்க்கவில்லை. தேனீக்கள் மொய்த்த இடத்தில் ஏழாவது ஒன்று ஒளிந்திருந்திருக்கிறது. எட்டாம் நாள் புது ராணி வாசல் பலகையில் செத்துக் கிடந்தது.

அடுத்த பெட்டிக்கு வேறு மாதிரி போனேன். புது ராணி கையில் இருக்கும்போதுதான் பழையதைத் தேடினேன். கொல்லவில்லை. இரண்டு சட்டத் தேனீக்களோடு ஒரு சின்னப் பெட்டிக்கு மாற்றிவைத்தேன். சொதப்பினால் திரும்பச் சேர்க்கலாமே! மறுநாள், கூண்டில் புது ராணியோடு இருந்த துணைத் தேனீக்களை நீக்கிவிட்டு, கூண்டை இரண்டு புழுச் சட்டங்களுக்கு நடுவே செருகினேன். வலைப்பக்கம் அடையால் அடைபடக் கூடாது, அந்த வழியாகத்தான் தேனீக்கள் ராணிக்கு ஊட்டும். கூண்டின் வாயைப் பொடித்த சர்க்கரையும் தேனும் பிசைந்த உருண்டை அடைத்திருந்தது. அதைத் தின்று தீர்ப்பதற்குள் புது வாசனை பழகிவிடும்.

மூன்றாம் நாள் திறந்து, கூண்டின் மேல் விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தேன். தேனீக்கள் லேசாக நகர்ந்தன. வலையைக் கவ்விக்கொண்டு விலக மறுத்தால் இன்னும் ஏற்கவில்லை என்று பொருள். ஐந்தாம் நாள் கூண்டு காலி. அதை மட்டும் எடுத்துவிட்டு உடனே மூடினேன். ராணி எங்கே என்று தேடக் கை துறுதுறுத்தது, உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் பெட்டியைக் கலைத்தால் தேனீக்கள் பந்தாகச் சூழ்ந்து ராணியையே கொன்றுவிடக்கூடும்.

அப்புறம் ஒரு வாரம் பெட்டிப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரே ஒரு சட்டத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தேன். அறைக்கு ஒன்றாக, அடியில் செங்குத்தாக நின்றன முட்டைகள். மூன்று நாளில் முட்டை பொரிந்துவிடும் என்பதால், ராணியைப் பார்க்காமலே நிச்சயமாகச் சொல்லலாம், அது உள்ளே இருக்கிறது. அன்று சட்டத்தை இறக்கிவைத்தவன், கிழ ராணியின் சின்னப் பெட்டிக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கப் போனேன்.